அடிக்குறிப்பு எண் 17

ஜனவரி 9
பரிசு எனக்குத்தான்! சட்ட மாணவர்களுக்கான தேசியக் கட்டுரைப் போட்டியில் முதலிடம். வினோதினி மேடம் வகுப்பில் சொன்னபோது அசடு மாதிரி நின்றேன். எங்கள் ஊர்ப் பாடு முறைதான் தலைப்பு. எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியில் எங்கே வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறோமே, அதில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கு ஏன் ஒரு நாள்கூட இல்லை? இதுதான் என் கேள்வி.

ஜனவரி 12
பொங்கலுக்கு வந்தால் படகுத்துறையில் ஃபிளெக்ஸ். கதவு அகலத்துக்கு என் முகம்! வைத்தது தினகரன் அண்ணன். “என் தங்கச்சி ஜட்ஜம்மா ஆவப் போறா”னு பார்க்கிறவனிடமெல்லாம் சொல்கிறான். நைனா ஊர்த் தலைவர்; பெற்ற அப்பாவாச்சே, அவருக்கும் பெருமை. கட்டுரை ஆங்கிலத்தில் இருப்பதால் யாரும் படிக்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. வெட்கக்கேடு.

ஜனவரி 13
ஊர்க் கூட்டத்தில் சித்தப்பா மகன் விக்கி கட்டுரையைப் போனில் பார்த்துத் தமிழில் சொன்னான். பெண்கள் அங்கே உட்கார முடியாது. வலைக்கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டேன். இறால் தடவ வந்தவளை அடித்துத் துரத்தினார்கள் என்ற இடம் வந்ததும் ஒரே கூச்சல். “எவ சொன்னது?” விக்கி அடிக்குறிப்புக்குப் போனான். எண் 17: நாகம்மாள், நேர்காணல், தேதி.

பேரை மறைத்துவிடு என்று எழுதும்போதே மேடம் சொன்னார். ஆதாரம் கனமாக இருக்கட்டும் என்று நான்தான் முழுசாகப் போட்டேன். “போட்டுக்கம்மா, என் பேரு எதுலயும் வந்ததில்ல”னு நாகம்மாள் சிரித்ததைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 14
பொங்கலன்று யாரும் வலை கட்ட மாட்டார்கள் என்று நம்பி நாகம்மாள் ஏரியில் இறங்கியிருக்கிறாள். இடுப்பளவு தண்ணீர். இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள், கத்தக்கூட முடியவில்லை. வலது கையை இழுத்துப் படகு விளிம்பில் வைத்து, துடுப்பால் — ஏழு அடி. எண்ணியிருக்கிறேன், எண்ணிக்கொண்டே ஓடியிருக்கிறேன். சேறு காலை விடவில்லை. விரல்கள் நசுங்கிப் போச்சு. ஐயோ, அந்தச் சத்தம்.

அடித்தது என் அண்ணன்.

“உன்ன ஏமாத்தி எழுத வச்சிட்டாடி இவ! உனக்கோசரம்தான் அடிச்சேன்!”

ஜனவரி 15
ஃபிளெக்ஸில் என் முகத்தைக் கத்தியால் கிழித்திருக்கிறார்கள்.

ஜனவரி 17
நாகம்மாளுக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். “இன்னாம்மா, இனிமே எதால தடவறது?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பார்த்த சாட்சி இருக்கா என்று போலீஸ் கேட்கிறது. துறையில் நின்ற இருபது பேரும் ஒன்றும் பார்க்கவில்லையாம்.

“நீயும் பாக்கல” என்றார் நைனா.

பாத்தேன் நைனா, பாத்தேன், பாத்தேன்னு கத்தினேன். அறைந்தார். இடது காதில் இன்னும் ரீங்காரம். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒரே புள்ளடி எனக்கு.” நான் யாராம்?

ஜனவரி 19
அண்ணன் என்னைத் தோளில் தூக்கி ஏரியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டவன். நினைக்காதே, பூவிழி. நினைக்காதே.

ஜனவரி 20
இன்று பரிசளிப்பு விழா. என் பேரைக் கூப்பிட்டபோது நான் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். ஏட்டம்மா எழுதினார். எதிரி: தினகரன், தந்தை பெயர் நீலமேகம். சாட்சி?

“பூவிழி. தந்தை பெயர் நீலமேகம்.”

ஏட்டம்மா பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். “அதே நீலமேகமா?”

“அதே நீலமேகம்தான். முழுசா எழுதுங்க.”