முகத்துவாரம் வெட்டப் போன ரங்கனை விடுவிக்க வேண்டி

அனுப்புநர்:
கோதண்டம் மகன் மாரி,
முகத்துவாரக் குப்பம், பழவேற்காடு.

பெறுநர்:
கோட்டைத் தலைவர் துரை அவர்கள்,
பழவேற்காடு.

பொருள்: காவலில் இருக்கும் என் சித்தப்பா ரங்கனை விடுவிப்பதும், முகத்துவாரக் குத்தகைச் சீட்டில் ஒரு ஷரத்தை நீக்குவதும்.

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,

1. கோட்டைக் கணக்கப்பிள்ளையிடம் எட்டு மாதம் எழுத்துப் படித்துவிட்டு ஓடிப்போனவன் நான்தான். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

2. ஏரியின் வாயை மணல் அடைத்தால் வீட்டுக்கு இருவராகப் போய் நாங்களே வெட்டுவோம். ஏரிப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே போய், கடலோரம் ஒரு முழ மணலை விட்டுவைப்போம். பௌர்ணமியன்று கடல் ஏறும்போது அதையும் வெட்டிவிட்டால் மீதியைக் கடலே அறுத்துக்கொள்ளும்.

3. சென்ற ஐப்பசியில் கோட்டையும் அர்ஜுனன் என்ற வியாபாரியும் கூட்டாக ஒப்பந்தம் செய்தார்கள். மண்வெட்டியும் காவலும் கோட்டையுடையது. வாயைத் திறந்து வைப்பது அவர் பொறுப்பு. ஏழு வருஷம் படகுத் தீர்வை அவருக்கு. சீட்டு எங்கள் குப்பத்துக்கு வந்தது. "படிச்சவன் நீதான், நல்லா பாத்து சொல்றா" என்றார் என் நைனா. காற்று நன்றாக இருந்தது, படகு காத்திருந்தது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அவரே வெட்டுவாராம், நமக்கு வேல மிச்சம்" என்றேன். எல்லோரும் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்டார்கள். குப்பத்தார் அங்கே மண்வெட்டி வைக்கக்கூடாது என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. தவறு என்னுடையது.

4. மாசியில் குத்தகைதாரர் அர்ஜுனன் திருப்பாலைவனத்து வயலாட்களைக் கூட்டிவந்து, கடல் உள்வாங்கிய நேரத்தில் வெட்டினார். மூன்றாம் நாளே மூடிக்கொண்டது. அந்த ஆட்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு நெல் தெரியும். இனித் தீர்வை கட்டும் துணிப் படகுகள் வரும் ஆனியில்தான் வெட்டுவாராம். இறால் குஞ்சு கடலிலிருந்து ஏரிக்குள் வருவது இந்தப் பங்குனியில். அது உள்ளே வராவிட்டால் இந்த வருஷம் எங்களுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை.

5. வெள்ளிக்கிழமை ரங்கன் தனியாகப் போய் வெட்டத் தொடங்கினார். குத்தகைதாரரின் ஆட்கள் பிடித்தபோது, "ஏரிக்கு மூச்சு முட்டுது, தொறந்து வுட்றேன். நான் இன்னாத்தடா திருடினேன்?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து சித்தி குப்பம்மா கோட்டை வாசலுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள். காவலர் பானையை வாங்கிக்கொள்கிறார், அவளை உள்ளே விடுவதில்லை.

6. ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. நாங்கள் வெட்டிய வாயில் படகு போனாலும் தீர்வையை அவரே வாங்கிக்கொள்ளட்டும். வெட்டும் உரிமை மட்டும் எங்களுக்கு வேண்டும்.

ரங்கனை விட்டுவிடுங்கள். மணல் எங்கே மெலிந்திருக்கிறது என்று அறிந்தவர் அவர். அவர் இடத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டுமென்றால், சீட்டைச் சரியாகப் படிக்காத நான் இருக்கிறேன்.

பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கிறது. வெட்ட ஆறு நாள் ஆகும். நான்கு நாளில் உத்தரவு வந்தால் துரை அவர்களின் அனுமதியோடு வெட்டுவோம். வராவிட்டாலும் வெட்டுவோம். எங்கள் குப்பத்தில் அறுபத்திரண்டு வீடுகள், வீட்டுக்கு இருவர். காவலறையில் அத்தனை பேருக்கு இடம் போதுமா என்று பார்த்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பழவேற்காடு
நாள்: ருத்ரோத்காரி வருஷம், பங்குனி 9

இப்படிக்கு,
மாரி