இருபது முயல்

அன்புள்ள ஷரபுன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எழுத்துகள் கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. முழுக்க நானே எழுதுகிறேன்! உன் முழங்கால் வலி தேவலையா?

திருச்சியில் நான் நலம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்துக்கொள்ளும் முயல்களும் நலம். ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்பு அனுமதித் தாளில் நானும் ஒப்புதல் தர வேண்டும். ஆறு வருடமாகக் கைநாட்டு வைத்தேன். பாலக்கரை முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்த பிறகு, படிக்காமல் எதிலும் ஒப்புதல் தருவதில்லை.

திங்கட்கிழமை, ஆய்வு நடத்தும் ஸ்ரீரங்கத்து அம்ருதா டாக்டர் தாளை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.

"பாய், கைநாட்டு வெச்சிட்டுப் போங்களேன், எனக்கு கிளாஸ் இருக்கு."

"இருங்கம்மா, படிச்சதுல இப்பதான் முயலே வந்திருக்கு."

இருபது முயல் என்று இருந்தது. சர்க்கரை நோய் மருந்துக்கான ஆய்வு. நானும் அந்த மாத்திரை போடுகிறவன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "எதுக்கும்மா இருபது? பத்து பத்தாதா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தாளை வாங்கிக் கணக்குப் போட்டார். "போன தடவை எழுதினதையே பாத்து எழுதிட்டேன் பாய்" என்று இருபதை அடித்துப் பன்னிரண்டு ஆக்கினார்.

தப்பித்த எட்டில் ஒன்று, தீனி தாமதமானால் என்னை முறைக்கும். அதற்கு உன் பெயர்தான். கோபித்துக்கொள்ளாதே, பேச ஆள் வேண்டுமே.

என் கண்ணாடியையும் கொஞ்சம் மாசிக் கருவாட்டுச் சம்பலையும் கீழக்கரை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. வியாழக்கிழமை அடுத்த தாள், மூன்று பக்கமாம். டாக்டர் இப்போதே மை டப்பாவை மேஜையில் எடுத்து வைத்துவிட்டார். நான் கட்டைவிரலில் காயம் என்று துணி சுற்றிக்கொண்டு போவேன். எத்தனை முயல் தப்பித்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன்,
தாவூது