சூரஜ் கபிலுக்குக் கை கொடுத்த கதை

லம்பாசா,
ஆகஸ்ட் 11.

அன்புத் தம்பி ஷலேந்திராவுக்கு அக்கா பிரவீணா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். கரும்பு வெட்டு பாதி முடிந்துவிட்டது. ஆலை வாசலில் லாரிகள் இரண்டு நாளாக வரிசையில் நிற்கின்றன. அப்பாவுக்கு இருமல் தேவலை. போனில் அவர் பேச்சை எடுத்தாலே நீ வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே!

போன சனிக்கிழமை அப்பாவை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனேன். அதில் ஒரு தபால்காரர். ஒரு நடிகர்மேல் அவருக்கு உயிர். நடிகரைப் போலவே முன்முடியைச் சுருட்டிவிட்டுக்கொள்வார், ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி. அவர் சீப்பை எடுத்த உடனே பின்வரிசையிலிருந்து லாரிக்கார ஜொசெஃபா, "டேய் பிசுன், உன் கதையையே எடுத்துட்டானுங்கடா!" என்று கத்தினார். அரங்கமே திரும்பி அப்பாவைப் பார்த்தது. அப்பா எழுந்து கும்பிடு வேறு போட்டார்.

மகளின் நிச்சயதார்த்தத்தன்று நடிகர் ஊருக்கு வருகிறார் என்று தபால்காரர் ஓடிவிடுகிறார். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் மனைவி, "கழிவறைக்குப் போயிருக்கார், இதோ வந்துருவார்" என்று மூன்று மணி நேரம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியில் நடிகரைப் பார்த்தே விடுகிறார். நடிகர் நல்ல மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார். தபால்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அவ்வளவுதான் காட்சி. யாரும் அவரைத் திட்டவில்லை, அழவில்லை. அதுதான் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது. அப்பா வறுத்த பட்டாணிப் பொட்டலத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டார்.

பேருந்துக்கு நிற்கும்போது தானாகவே பேசினார்.

"சூரஜ் கபிலுக்குக் கை குடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னேனே, பொய்யி மா."

நீ பிரிஸ்பேனுக்குப் புறப்பட்ட அன்றுதானே தலைநகர் சுவாவில் அப்பாவின் நடிகர் சூரஜ் கபிலின் நிகழ்ச்சி. முந்தின நாளே அப்பா நமக்கு முன்னால் தனியாக அந்தத் தீவுக்குக் கப்பலேறிவிட்டார். சுவாவுக்குப் பக்கத்து நௌசோரி விமான நிலையத்தில் நீயும் நானும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது உனக்கு மறந்திருக்காது. ஏழு வருடமாக நீ அவரோடு பேசாததும் அதனால்தான். உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று மைதானத்தில் நடிகருக்குக் கை கொடுக்க நின்ற வரிசையில் அவருக்கு முன்னால் பத்துப் பேர்தான் இருந்தார்களாம். "கால் நிக்கல மா. புள்ள போறான், நான் இங்க என்னத்தைப் பாக்கப்போறேன்னு ஆயிடுச்சி. வரிசையை விட்டுட்டு ஓடியாந்தேன். மழை. பஸ்சு நகரவேயில்ல." அவர் வந்து சேர்ந்தபோது உன் விமானம் போய்க் கால்மணி நேரம். நான் வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். டாக்ஸிக் கொட்டகைக்குப் பின்னால் மறைந்து நின்றாராம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவனையும் பாக்கல, இவனையும் பாக்கலன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது?" என்றார்.

அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பேருந்து வந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஆனால் இறங்கும்போது, அந்தப் படம் பிரிஸ்பேனிலும் ஓடுகிறதா என்று கேட்டார்.

ஓடினால் பார், தம்பி. பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். அவர் ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். போன் அடித்தால் நான் எடுக்க மாட்டேன்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
பிரவீணா