இடது கைத் துப்பாக்கி

அன்புள்ள டார்லா,

இல்லை, நான் வாங்கியது, அம்மாவிடம் நீ சந்தேகப்பட்ட மாதிரி ஆர்டர் கொடுத்துச் செய்த துப்பாக்கி இல்லை. தொழிற்சாலையில் செய்ததுதான், என் சம்பளத்துக்கு அடங்குவது. குழல் கனமானது, ஆயிரம் கெஜத்துக்கு நம்பலாம்.

கடைக்கார வெர்ல் முதலில் லேசான ஒன்றை நீட்டினார். "பொம்பளைக்கு இது போதும்மா."

"லேசானதுதான் தோளை உதைக்கும். உங்க மருமகனுக்குக் குடுங்க."

பிறகு, தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டை இடது பக்கம் வைத்த ஒன்றைக் கேட்டேன்.

"நீ வலது கைக்காரியாச்சே?"

"ஜோடிப் போட்டியில ரெண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கிதான். தங்கச்சிக்கு இடது கை."

"அவ உங்கூடப் பேசியே ரெண்டு வருஷமாச்சே?"

"சுடறதுக்குப் பேச்சு எதுக்கு, வெர்ல்?"

நான் சுடும்போது காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் நீ சொன்னால் போதும். காற்று ஓயாத நம் வயோமிங்கில் அதுவே நாள் முழுக்கப் பேசுகிற பேச்சு.

சனிக்கிழமைப் போட்டிக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் அக்கா