சிரட்டை பிடித்த ட்ரம்பெட்

ஜூன் 11, செவ்வாய்

விடியவே சோளகக் காற்று. பல்லுக்குள் மணல். ட்ரம்பெட்டைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். உப்புக் காற்று பித்தளையைச் சும்மா விடாது.

பிறகு எத்தாளைப் பாடசாலை. பேண்ட் பழக்கல். பிள்ளைகளின் கன்னமெல்லாம் பலூன். அதிபர் ரஹீம் சேர் வந்து நின்று கேட்டார். "சத்தம் நல்லா வருது தம்பி, பாட்டுத்தான் இன்னும் வரல்ல." அவர் வீட்டிலிருந்து பாணும் சம்பலும் வந்தது. நல்ல உறைப்பு. ஊதுகிறவன் உறைப்புத் தின்னக் கூடாது. தின்றேன்.

இந்த வேலை கிடைத்தது ஆண்டவர் செயல். மற்ற நாட்களில் திருநாள், கலியாணம், செத்த வீடு, கிரிக்கெட் மைதானத்தில் பப்பரே ஆட்டப் பாட்டு, கற்பிட்டி ஹோட்டல். யார் கூப்பிட்டாலும் ஓம்தான்.

ஜூன் 12, புதன்

எங்கள் பேண்ட் மாஸ்டர் அன்ரன் அண்ணன் வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. நல்ல சேதி இல்லை என்று அதிலேயே விளங்கிவிட்டது.

"சனிக்கிழமை கலியாணத்துக்கு நீ வேண்டாமாம்."

"ஏன் அண்ணை?"

"பொம்பிளையின்ர தாய் சொல்லுறா. தன்ர மனுசன்ர சவப்பெட்டிக்கு முன்னால ஊதினது நீயாம். உன்ர ட்ரம்பெட் கேட்டா அந்த நாள்தான் வருமாம்."

உண்மைதான். பொம்பிளையின் தாய் ஸ்டெல்லா அக்கா. போன வருடம் அவரின் கணவரைச் சேமக்காலைக் குழி வரைக்கும் நான்தான் ஊதிக் கொண்டு போனேன். நல்ல மனிதர், கருவாட்டு வியாபாரி. நான் ஊதப் பழகிய காலத்தில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாற்ற மாடு தம்பி கண்டு போடுது?" என்று கேட்டவர். அவருக்காக உருகித்தான் ஊதினேன். ஊரே மெச்சியது. அதுவே இப்போது வினை.

கோபமில்லை. பயம். செத்த வீட்டு ட்ரம்பெட் என்று பெயர் விழுந்தால் இனி எந்தக் கலியாண வீடும் கூப்பிடாது.

ஜூன் 13, வியாழன்

ஹோட்டல். காற்றுக்குப் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் நிறைய. ஒருவர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். ட்ரம்பெட் வாயை ஒரு ரப்பர்க் கிண்ணத்தால் மூடித் திறந்து ஊதுகிறான் ஒருவன். என்னிடம் ஏது ரப்பர்? குசினியில் சமையல்கார நிமால் ஐயா தேங்காய் துருவிய சிரட்டை ஒன்றைக் கழுவித் தந்தார். பிடித்து ஊதினேன். வாத்து சண்டை பிடிப்பது போல.

"இது கதைக்குது மல்லி" என்று நிமால் ஐயா சிரித்தார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

அப்போதுதான் யோசனை வந்தது. அன்ரன் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "சாமான் அதுதான் அண்ணை, குரல் வேற. ஸ்டெல்லா அக்காவுக்கு ஒருக்கா கேக்க விடுங்கோ."

ஜூன் 14, வெள்ளி

ஸ்டெல்லா அக்காவே போன் எடுத்தார். போனைக் கதிரையில் வைத்துவிட்டு, சிரட்டை பிடித்து ஊதினேன்.

"இதென்ன, வாத்தா?"

"ஓம் அக்கா."

"சரி. நாளைக்கு வாத்தைக் கூட்டிக் கொண்டு வாரும்."

அம்மாவிடம் சொன்னேன். புனித அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

ஜூன் 15, சனி

வெயில். கோயிலிலிருந்து வீடு வரைக்கும் பொம்பிளை மாப்பிள்ளைக்கு முன்னால் பேண்ட். இடது கை சிரட்டைக்கு. வலது கையே ட்ரம்பெட்டைத் தாங்கவும் வேண்டும், விரல் போடவும் வேண்டும். பின்னால் பொடியள் "குவாக் குவாக்." சனம் சிரித்தது. இரண்டு வீட்டார் தங்கள் கலியாணத்துக்கும் வாத்து வேண்டும் என்று அங்கேயே பேசினார்கள்.

பந்தலுக்குள் ஸ்டெல்லா அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"மகன், அந்தச் சிரட்டையை எடும்."

நான் அன்ரன் அண்ணனைப் பார்த்தேன்.

"எடும் எண்டுறன். மகளின்ர கலியாணம், சேமக்காலையில படுத்திருக்கிற தகப்பனுக்கும் கேக்க வேணும்."

எடுத்தேன். ஊதினேன். அக்கா முன் கதிரையில் இருந்து முழுக்கக் கேட்டார். ஒருமுறை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பாட்டு முடிந்ததும் எழும்பிக் குசினிப் பக்கம் கத்தினார்.

"பேண்ட்காரருக்கு இன்னும் சோறு குடுக்கேல்லையோ?"