ராகு இல்லை, அக்கா

என் கறுப்பு ராசாத்தி அக்காவுக்கு,

கறுப்பு என்றதும் முறைக்காதே. இப்போது உன்னை அப்படிக் கூப்பிட நான் ஒருத்தன்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லாரும் நீ செத்த மறுநாளே உன்னை மகாலட்சுமி ஆக்கிவிட்டார்கள். பெண் பார்க்க வந்து, "நாங்க நிலா மாதிரி பொண்ணுதான் தேடுறோம்" என்று எழுந்து போன கண்டிக் குடும்பமும் துக்கத்துக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

பள்ளிக்கூடத்தில் இப்போது வானசாஸ்திரம் நடக்கிறது. நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதாம். நம் ஊர் இரத்தோட்டைத் தார் ரோட்டைப் போலக் கறுத்த கல். வெயில் பட்டுத்தான் வெள்ளையாய்த் தெரிகிறது. அவர்கள் தேடிய நிலா உன் நிறம்தான், அக்கா. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சூரியன் நிலாவைவிட ஏறக்குறைய நானூறு மடங்கு பெரிது, அதே நானூறு மடங்கு தூரம். அதனால்தான் நிலா அதைக் கச்சிதமாக மூடுகிறது. கிரகணம் என்பது வெறும் நிழல். நிழல் யாரையாவது வெளுக்குமா?

வெளுக்கும் என்று ஊரே நம்பியது. கிரகணம் முழுதாய்ப் பிடிக்கிற நேரத்தில் வசம்புச் சாறு குடித்தால் மேனி சிவக்கும் என்பது பஸ்ஸில் வந்த கதை. தோட்டத் தொழிலாளர் லயத்திலும் கடைத்தெருவிலும் சிங்கள வீடுகளிலும் வசம்பு அரைத்தார்கள். காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது, கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. நீ அடுப்படியில் சாற்றோடு நின்றாய்.

"எவ்வளவுடா குடிக்கணும்?"

"மத்தவங்களுக்கு ஒரு மடக்கு. ஒன் நெறத்துக்கு ஒரு செம்பாவது வேணும்."

நீ சிரித்தாய். நான் கரி பிடித்த கண்ணாடித் துண்டோடு வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது செம்பு காலி.

ஒரு மடக்கு குடித்தவர்கள் வாந்தி எடுத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். நீ மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாய்.

ராகு கொண்டுபோய்விட்டது என்கிறாள் அம்மா. ஞாயிறுதோறும் மாத்தளைக் கோயிலுக்கு பஸ் ஏறி, ராகுவுக்கு விளக்கு வைத்து மன்றாடுகிறாள்: "இருக்கிற ஒத்தப் புள்ளையையாவது விட்டுடு சாமி." அந்த ஒத்தப் பிள்ளை பக்கத்தில் நின்று திருநீறு பூசிக்கொள்கிறது.

ராகு என்று வானத்தில் எந்தப் பொருளும் கிடையாது, அக்கா. நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் வெறும் புள்ளி. இல்லாத ஒருவன் தலையில் என் பழியைப் போட்டுவிட்டு, நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வகுப்பில் எல்லாரையும் சிரிக்கவைக்கிறேன்.

நாளை ஞாயிறு. அம்மா புடவை மாற்றும் முன்னே, செம்புக் கணக்குச் சொன்னது யார் என்று சொல்லிவிடுகிறேன். சத்தியம். கேட்ட பிறகு அவள் யாரை விட்டுவிடச் சொல்லி மன்றாடுவாள் என்பது எனக்குத் தெரியாது.

உன்னைச் சிரிக்கவைத்தே அனுப்பிய தம்பி,
முத்து