தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

நேற்று நாட்டு மருந்துக் கடையில் யாருக்கோ சித்தரத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரவாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்து நின்றுவிட்டேன். தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் கடைவாயில் அதை அடக்கி வைத்திருப்பாயே, அந்த வாசனை. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. துக்கத்துக்கு முன்னால் பழைய எரிச்சல்தான் வந்ததடி.

அறுபதுகளின் தொடக்கம். பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்த நமக்கு முதுநகரில் ஒரே பள்ளியில் வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பிரிவு உனக்கு, ஒரு பிரிவு எனக்கு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. போர்டில் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் என் பிள்ளைகளின் கண் போர்டில், காது தட்டியில். வாய்ப்பாட்டைத் தாலாட்டாக்கினாய். பூவின் பாகங்களுக்குக் கும்மி கொட்ட வைத்தாய். ஆறுகளுக்கு நடவுப் பாட்டு மெட்டு. "பெண்ணைக்குத் தெக்கால கெடிலம் ஓடுது, வெள்ளாறு தாண்டினா கொள்ளிடம் ஓடுது..." எனக்கோ சுதி என்றால் என்னவென்றே தெரியாது.

"என்னடி, பள்ளிக்கூடமா பாட்டுக் கச்சேரியா?" என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டேன்.

"சும்மா சொன்னா எனக்கே தூக்கம் வருது. அதுங்களுக்கு வராதா?" என்று சிரித்தாய்.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக என் வகுப்புக்குள் நுழைந்து, நம் ஜில்லாவின் ஆறுகளைக் கேட்டார். நான் படம் வரைந்து பாடுபட்டு நடத்திய பாடம். முன்வரிசைப் பெண் எழுந்தாள், மேலே பார்த்தாள், பாட ஆரம்பித்தாள். அடுத்த அடியில் வகுப்பே சேர்ந்துகொண்டது. எல்லாம் தட்டி வழியாகக் கேட்டுக் கற்றது.

"பிரமாதம்மா! பாடியே சொல்லிக் குடுத்திருக்கீங்களே," என்றார்.

"பாட்டு பக்கத்து வகுப்பு டீச்சரோடதுங்க ஐயா," என்றேன். அவர் உடனே தட்டியைச் சுற்றிக்கொண்டு உன்னிடம் வந்துவிட்டார். மணியடிக்கும்வரை உன் வகுப்பைவிட்டு அவர் நகரவில்லை.

சாயங்காலம், "என் வகுப்புப் பிள்ளைங்களயும் நீதான்டி எடுத்துக்கிட்ட," என்றேன்.

"யாரு பாட்டா இருந்தா என்னா? பதில் வந்துச்சில்ல," என்றாய். பதிலுக்கு நீயும் என்மேல் கொஞ்சம் பொறாமைப்பட்டிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அதற்கும் உனக்கு மனசு வரவில்லை.

பிறகு சிதம்பரத்துக்கு மாற்றலாகிப் போனாய். சில வருஷத்தில் தொண்டையில் ஆபரேஷன் என்றும், பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் கேள்விப்பட்டு ரயிலேறி உன் பள்ளிக்கே வந்தேன். பரிதாபப்படத் தயாராகத்தான் வந்தேன். நீ மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றாய். உன் வகுப்பு பாடிக்கொண்டிருந்தது. ஒருத்தி அடி மாற்றிப் பாடியதும் நீ புருவத்தைத் தூக்கினாய், அவள் திருத்திக்கொண்டாள்.

"முன்ன நான் பாடினேன், இப்ப அதுங்க பாடுது. எனக்கு வேலை கம்மி," என்றாய், காற்றாக வந்த குரலில்.

குரல் போயும் உன்மேல் பொறாமைப்பட வைத்தவள் நீ ஒருத்திதான்.

போன மாதம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் பழைய மாணவிகள் வந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருத்தி அழுதுகொண்டே மெல்ல ஆரம்பித்தாள், "பெண்ணைக்குத் தெக்கால..." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"சாவு வூட்ல இன்னா இது?" என்று உறவுக்காரர் ஒருவர் அதட்டினார்.

"பாடட்டும் மாமா. அம்மாவுக்குப் புடிக்கும்," என்றான் உன் மகன்.

நான் போகும்போது நான் போர்டில் சொல்லிக்கொடுத்த பின்னக் கணக்கை யார் வந்து போட்டுக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைத்தானடி நினைத்தேன். பக்கத்திலிருந்த பெண் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, நானும் பாடிக்கொண்டிருக்கிறேன், சுதியே இல்லாமல், எல்லோரையும்விடச் சத்தமாக. நிறுத்தவில்லை. கொள்ளிடம்வரை பாடி முடித்தேன்.